ஃபாரத்துல எழுதின அம்மா பேரு

கேப்டன், முந்தாநாள் காலையில நீ நம்ம குரூப்ல அந்த போட்டோவைப் போட்டப்ப மொதல்ல எனக்கு சந்தோஷமாத்தான் இருந்துச்சு. பன்னெண்டு பொண்ணுங்க, வெள்ளைச் சட்டை, நீலப் பாவாடை, எல்லார் தலையிலயும் எண்ணெய் வழியுது. ஒவ்வொரு மூஞ்சியா பெருசு பண்ணிப் பார்த்துக்கினு இருந்தேன். நான் நிக்க வேண்டிய இடத்துல அந்த எட்டாங்கிளாஸ் குட்டச்சி நிக்கிறா. சரி, பரவால்லன்னு கீழ எறங்கினா நீ எழுதி வெச்சிருக்கே: "இவ மட்டும் அன்னிக்கு வந்திருந்தா கப்பு நம்மளுது. அவங்கம்மா உட்டாதானே! அப்பா, இன்னா பொம்பளைடா சாமி!" அதுக்குக் கீழ ஏழெட்டு பேரு சிரிக்கிற பொம்மை வேற போட்டிருக்கீங்க.

எனக்கு சுர்ருன்னு ஏறிடுச்சு. போனைக் கவுத்து வெச்சுட்டேன். ரெண்டு நாளா பதில் போடலன்னு நீ தனியா வேற கேட்டுட்டே, "கோவமாடி?"ன்னு. ஆமாண்டி, கோவந்தான். உங்க மேல பாதி, என் மேல பாதி. இத்தினி வருஷம் வாயை மூடிக்கினு இருந்தவ நான்தானே. ஞாயித்துக்கிழமை கம்பெனி லீவு, முட்டிக்குத் தைலம் தேய்ச்சு உக்காந்துட்டேன். ஒத்த விரல்ல தட்டுறேன், எவ்ளோ நேரம் ஆனாலும் சரி. படிச்சு முடிக்காம எவளாவது பொம்மை போட்டீங்கன்னா குரூப்பை விட்டே போயிடுவேன், சொல்லிட்டேன்.

உங்களுக்குத் தெரிஞ்ச கதையில இருந்தே ஆரம்பிக்கிறேன். நானும் எங்கம்மாவும் இலங்கையில இருந்து படகுல வந்தப்ப எனக்குப் பதினோரு வயசு. அப்பா கரையில நின்னு, "நீங்க போங்கோ, அடுத்த போட்டில வாறன்"னு கை ஆட்டினாரு. அடுத்த போட்டு வந்துச்சு, அதுக்கடுத்ததும் வந்துச்சு, அவரு வரல. எங்கள மண்டபம் கேம்ப்புல பதிஞ்சு, லாரியில ஏத்தி, கும்மிடிப்பூண்டி கேம்ப்ல கொண்டாந்து எறக்கினாங்க. தார்ச்சீட்டு போட்ட ஒத்த ரூம். நடுவுல பழைய சேலையைக் கட்டித் தொங்கவிட்டா இந்தப் பக்கம் சமையல், அந்தப் பக்கம் படுக்கை. வெயில் ஏறினா தாரு வாசனையும் பக்கத்து கம்பெனி இரும்பு வாசனையும் சேந்து தொண்டையில வந்து உக்காரும். இன்னைக்கும் ரோடு போடுற இடத்தைத் தாண்டினா எனக்கு அந்த ரூமு ஞாபகந்தான் வரும்.

அம்மாவோட உலகம் ரொம்ப சின்னது. ஒரு மரப்பெட்டி, அது மேல பிளாஸ்டிக் கவர்ல சுத்தின குடும்ப அட்டை. அந்த அட்டையில ரெண்டு தலைன்னு எழுதியிருக்கும். மாசத்துக்கு ரெண்டு தரம் ஆபீசருங்க செக்கிங் வருவாங்க. அட்டையைக் கையில வெச்சுக்கினு ரெண்டு தலையும் நேரா நிக்கணும், அவங்க பார்த்து டிக் போடணும். செக்கிங் அன்னிக்கு நான் ஸ்கூலுக்கு லேட்டா வருவேன், நீங்க "ராணி வந்துட்டாங்க"ன்னு கிண்டல் பண்ணுவீங்க, ஞாபகம் இருக்கா?

அப்ப கப்பல் உட்டுக்கினு இருந்தாங்க. திரும்பிப் போறோம்னு பேர் குடுத்தவங்களை லிஸ்ட் போட்டு, அட்டையில இருக்கிற தலையை எண்ணி ஏத்தி அனுப்புவாங்க. எங்கம்மா பேர் குடுத்துருச்சு. அங்க அப்பாவைத் தேடணும். அதுக்கு வேற நெனப்பே கெடையாது. ஒரு சட்டி வாங்கினாக்கூட "கப்பல்ல கொண்டு போகேலுமோ"ன்னு யோசிச்சுத்தான் வாங்கும். என்னையும் அப்படியே கொண்டு போகணும்னு பார்த்துச்சு. எப்படிக் கூட்டியாந்துச்சோ அப்படியே, ஒரு கீறல் இல்லாம.

நான் எங்க அப்படி இருந்தேன்? ஆறு மாசத்துல உங்கள மாதிரியே பேசக் கத்துக்கினேன். கனகாம்பரம் வெச்சுக்கினேன். "இன்னா, போய்க்கினு, வந்துக்கினு"ன்னு ஊட்டுல வாய் தவறி வந்துச்சுன்னா கரண்டி பறக்கும்.

"என்ன கதை இது? ஆரிட்டப் பழகினனி?"

"ஸ்கூல்ல எல்லாரும் இப்படித்தான் பேசுறாங்க."

"எல்லாரும் இஞ்ச பிறந்த பிள்ளையள். நீ ஆர் எண்டு உனக்குத் தெரியோணும். நாளைக்குக் கொப்பர் வந்து, என்ர பிள்ளை எங்க எண்டு கேப்பார்."

கொப்பர்னா அப்பா. நான் பதிலுக்குப் பதில் பேசுவேன். "அப்ப நான் ஊமையா இருக்கவா?"ன்னு கேப்பேன். அது "ஓம், இரு"ன்னும். ரெண்டு பேரும் மூஞ்சைத் தூக்கி வெச்சுக்கினு ஆளுக்கொரு மூலையில உக்காந்து புட்டு சாப்பிடுவோம். அந்தப் புட்டைத்தான் மறுநாள் டப்பாவுல கொண்டாந்து நான் மறைச்சு மறைச்சுத் தின்பேன். நீங்க புடுங்கித் தின்னு, "ஐய, நல்லா கீதுடி!"ன்னு தேங்கா சம்பலுக்கு அடிச்சுக்குவீங்க. அதை ஊட்டுல போய் சொன்னா, மறுநாள் டப்பாவுல ரெண்டு பங்கு இருக்கும். இதெல்லாம் எனக்கு அப்ப உறைக்கல. சண்டை மட்டுந்தான் உறைச்சுது.

எங்கம்மா இன்னா வேலை செஞ்சுதுன்னு நான் உங்கள்ல யாருக்கும் சொன்னதில்ல. "கம்பெனிக்குப் போவுது"ன்னு மட்டும் சொல்லுவேன். பெயிண்டிங் வேலைடி. இண்டஸ்ட்ரி எஸ்டேட்ல இருக்கிற டேங்க், ஷெட், கேட்டு எல்லாத்துக்கும் பெயிண்ட் அடிக்கிறது கேம்ப் ஆளுங்கதான். ஆம்பளைங்க சாரத்துல ஏறி பிரஷ் புடிப்பாங்க. பொம்பளைங்க கீழ நின்னு துருவைச் சுரண்டணும், உப்புத்தாள் தேய்க்கணும். கூலி பாதி. எங்கம்மா ரெண்டே மாசம் தேய்ச்சுச்சு. மூணாம் மாசம் சேலைக்கு மேல ஒரு ஆம்பளை முழுக்கைச் சட்டையை மாட்டிக்கினு, மேஸ்திரிகிட்ட போய், "எனக்கும் ஒரு பிரஷ் தாங்கோ, விழுந்தா நான்தானே விழப்போறன்"னு கேட்டு வாங்கி சாரத்துல ஏறிடுச்சு. அந்தப் பக்கத்துல மொதல்ல சாரம் ஏறின பொம்பளை அதுதான்னு மேஸ்திரியே சொல்லிக்கினு திரிவாரு. இரும்புக்கு மொதல்ல அடிக்கிற செங்காவி கலர் பெயிண்ட் இருக்கே, ரெட் ஆக்சைடு, அது எங்கம்மா கையை விட்டுப் போகவே போகாது. சாயங்காலம் மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்க்கும், நகக்கண்ணுல மட்டும் நின்னுக்கும். எனக்கு அந்தக் கையைப் பார்த்தா வெக்கமா இருக்கும். சொல்றேன், மறைக்கல. அப்ப வெக்கப்பட்டேன்.

நம்ம பி.டி. டீச்சர் என்னைக் கண்டுபுடிச்சது காலாண்டுப் பரீட்சை முடிஞ்சு. கோ-கோவுல நான் ரன்னரா எறங்கினா ரெண்டு பேட்ச் ஓடற நேரம் நான் ஒருத்தியே ஓடுவேன்னு டீச்சர் ஸ்டாஃப் ரூம்ல பீத்திக்கினது உங்களுக்கும் தெரியும். உக்காந்திருக்கிற வரிசைக்குள்ள பூந்து பூந்து, நீ முதுகைத் தட்டி "கோ" குடுக்கிறதுக்குள்ள அந்தப் பக்கம் போயிருப்பேன். கேப்டன், உன்னால ஒரு தரமாவது என்னைத் தொட முடிஞ்சுதா? உண்மையச் சொல்லு. அந்த மூணு மாசம், பொங்கல் வரைக்கும், எனக்கு நான் யாருன்னு கவலையே இல்ல. கிரவுண்டுல இறங்கினா நான் கேம்ப் பொண்ணும் இல்ல, ஊர்ப் பொண்ணும் இல்ல. ஓடுற பொண்ணு, அவ்ளோதான். அந்த மாதிரி ஒரு சந்தோஷம் எனக்கு அப்புறம் கல்யாணத்துலகூட கெடைக்கல. எங்க ஊட்டுக்காரரு இதைப் படிக்க மாட்டாரு, அதனால தைரியமா எழுதுறேன்.

அப்புறந்தான் ஃபாரம் வந்துச்சு. மாநில அளவுல ஆடப் போறோம்னா பிறந்த ஊரு, நிரந்தர விலாசம் எல்லாம் எழுதணும். கேம்ப்புன்னு எழுதினா சேர்த்துக்க மாட்டாங்க. நான் இன்னா எழுதுறது? டீச்சர் பாவம், ரெண்டு நாள் யோசிச்சாங்க. தெலுங்குக்காரங்க, செல்லமா தல்லின்னுதான் கூப்பிடுவாங்க, மனசு வெல்லம். மூணாம் நாள் என்னைத் தனியா கூப்பிட்டு, "இதோ பாரு தல்லி, எங்க அக்கா கவரைப்பேட்டையில கீது. அக்கா பொண்ணுன்னு எழுதிட்டேன். அக்காவே கையெழுத்தும் போட்டுடும். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்ல. நீ ஓடு, அது போதும் எனக்கு"ன்னாங்க. ஃபாரத்துல என் பேருக்குக் கீழ தாயார் பேருன்னு போட்டு அவங்க அக்கா பேரு. பென்சில்ல எழுதியிருந்துச்சு.

எனக்கு எப்படி இருந்துச்சுன்னு கேளுங்க. ஜிலுஜிலுன்னு இருந்துச்சு! கவரைப்பேட்டைப் பொண்ணு! ஸ்டேஷன் பக்கத்துல ஓட்டு ஊடு, மாடி, அத்தை, மாமா. ட்ரெயின்ல போறப்ப எட்டிப் பார்ப்பேன், எந்த ஊடா இருக்கும்னு. ஒரு வாரம் அந்த ஊட்டுல மனசுக்குள்ளயே குடித்தனம் பண்ணினேன். அம்மாகிட்ட சொல்லவேயில்ல. ஆனா அம்மாகிட்ட எதை மறைக்க முடியும்? துணி துவைக்க பையைக் கொட்டினப்ப ஃபாரத்தோட நகல் கெடைச்சிருச்சு.

நான் ஊட்டுக்குள்ள நுழையிறேன், அம்மா தரையில உக்காந்திருக்கு, மடியில காயிதம். கத்தல. அதுதான் பயமா இருந்துச்சு.

"நான் செத்துப் போனனானோ?"ன்னு கேட்டுச்சு.

"அதில்லம்மா, சும்மா ஒரு ஃபாரம்..."

"நான் உயிரோட இருக்கேக்கை என்ர பிள்ளையை இன்னொருத்தியின்ர பிள்ளை எண்டு எழுதுறதோ? நீயும் ஓம் எண்டு சொன்னனியோ?"

"விளையாடறதுக்குத்தாம்மா. விளையாடிட்டு வந்தா முடிஞ்சுபோச்சு."

"காயிதத்தில எழுதினது முடியாது, பிள்ளை. நாளைக்குக் கப்பலுக்கு எண்ணேக்கை, இவள் கவரைப்பேட்டைப் பிள்ளை எண்டு ஆரும் எடுத்துக் காட்டினா? அட்டையில ஒரு தலையை வெட்டிப் போட்டு என்னை மட்டும் ஏத்துவாங்கள். அங்க கொப்பர் நிண்டு, பிள்ளை எங்க எண்டு கேட்டா நான் என்னத்தைச் சொல்ல?"

இப்ப யோசிச்சா சிரிப்பு வருது, அழுகையும் வருது. ஸ்கூல் ஃபாரத்துக்கும் கப்பல் லிஸ்ட்டுக்கும் இன்னா சம்மந்தம்? எவன் எடுத்துக் காட்டப் போறான்? ஆனா எங்க சனத்துக்கு அப்படித்தான். ஒரு காயிதத்துல பேரு இருந்தா உயிரு, இல்லாட்டி இல்ல. எல்லாக் காயிதமும் எங்கயோ ஒரே மேஜைக்குப் போய்ச் சேருதுன்னு அம்மா நெசமாவே நம்பிச்சு. நான் அன்னிக்கு அது புரியாம, எரிச்சல்ல வாயில வந்ததைப் பேசிட்டேன். "உங்க பிள்ளைன்னு எழுதினா என்னை யாரு சேர்த்துக்குவாங்க? உங்க பேரால எனக்கு இன்னா கெடைச்சுது, க்யூவுல நிக்கிறதைத் தவிர?"ன்னேன். அம்மா காயிதத்தை மடிச்சு என் பையிலயே வெச்சுது. நாலு நாள் பேசல. அந்த நாலு நாளும் சோறு மட்டும் நேரத்துக்கு வந்துச்சு, ஆளு வரல.

அஞ்சாம் நாள் நடந்தது உங்க யாருக்கும் தெரியாது. நம்ம கிரவுண்டுக்குப் பின்னாடி மதில், மதிலுக்கு அந்தப் பக்கம் கம்பெனியோட பெரிய தண்ணி டேங்க். அன்னிக்கு அதுக்குச் சாரம் கட்டி பெயிண்ட் அடிச்சுக்கினு இருந்தாங்க. நாம சாயங்காலம் பிராக்டிஸ் பண்றோம். நான் மேல நிமிர்ந்துகூடப் பார்க்கல. அம்மா அந்த டேங்க் உச்சியில நின்னு, கையில பிரஷ்ஷோட, நான் ஓடுறதை அன்னிக்குத்தான் மொத மொதல்ல பார்த்திருக்கு.

ஊட்டுக்கு வந்து மண்ணெண்ணெய்ல கையைத் தேய்ச்சுக்கினே, என் மூஞ்சைப் பார்க்காம சொல்லிச்சு: "இண்டைக்கு டாங்கியில நிண்டனான். நீ ஓடினதைப் பாத்தனான்."

நான் பையைக் கழட்டி ஆணியில மாட்டினேன்.

"ஒருத்தராலயும் உன்னைப் பிடிக்கேலாமப் போச்சு"ன்னுச்சு. அதைச் சொல்றப்ப அம்மா குரல்ல இருந்த பெருமை இருக்கே, அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் நான் கேட்டதில்ல. கையைத் துணியில துடைச்சுட்டு, "அந்த டீச்சரின்ர அக்காவுக்கு என்ன பெயர்?"ன்னு கேட்டுச்சு.

சொன்னேன்.

"இரு"ன்னு பாயைக் காட்டிச்சு. எதிர்ல சுளகை, அதான் முறத்தை, வெச்சுக்கினு ரேஷன் அரிசியில கல்லு பொறுக்க உக்காந்துச்சு. "கேக்கிற ஆள் படிச்ச ஆளாயிருப்பான். தடுமாறினா பிடிச்சிடுவான். சொல்லு, அம்மாட பெயர் என்ன?"

எங்கம்மாவுக்கு இது புதுசு இல்ல. அங்க ரோட்டுக்கு ரோடு ஆமிக்காரன் மறிச்சு நிப்பான். வீடு எங்க, எங்க போற, அப்பா எங்கன்னு கேப்பான். ஒரு சொல்லு மாறினா ஆளை எறக்கிடுவான். நாங்க வெளிய கெளம்புறதுக்கு முன்னாடி அம்மா என்னைப் பாய்ல உக்காரவெச்சு பதிலு சொல்லிக் குடுக்கும். கேட்ட உடனே சொல்லணும். கீழ பார்க்கக் கூடாது. சிரிக்கக் கூடாது. கேக்காததைச் சொல்லக் கூடாது. அதே பாடத்தை இப்ப எடுக்குது, இன்னொருத்திய அம்மான்னு சொல்றதுக்கு. எங்கம்மா மூஞ்சைப் பார்த்து நான் சொல்லணும்.

மொத தரம் சொன்னப்ப எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. "சிரிக்காதை"ன்னு தொடையில ஒரு தட்டு. ரெண்டாம் தரம் கீழ பார்த்தேன். "என்ர முகத்தைப் பார்"ன்னுச்சு. மூணு, நாலு, அஞ்சு. ஒவ்வொரு தரமும் நான் அந்தப் பேரைச் சொன்னதும் "சரி"ன்னு சொல்லிட்டு ஒரு கல்லைப் பொறுக்கி அந்தாண்ட போடும். ஏழு, எட்டு, ஒம்பது. இப்ப எனக்குத் தடுமாறவே இல்ல. தண்ணி மாதிரி வருது. பத்தாம் தரம் சொன்னேன். "சரி" வரல. அரிசியையே பார்த்துக்கினு இருந்துச்சு. அப்புறம் சுளகைத் தூக்கிக்கினு எழுந்து போயிடுச்சு.

திருவள்ளூருக்கு பெரியபாளையம் வழியா பஸ்ல போனோமே, நீங்க எல்லாம் பாட்டுப் பாடி கண்டக்டரைப் பேஜார் பண்ணிக்கினு வந்தீங்களே, அன்னிக்குத்தான் ஃபாரம் சரிபார்த்தாங்க. மேஜை போட்டு ஒரு சார் உக்காந்திருந்தாரு. வயசை மாத்தி ஆளை ஏத்துறாங்கன்னு அந்த வருஷம் ஒவ்வொருத்தரையா கூப்பிட்டு வாயால கேட்டாங்க. நீங்க பதினோரு பேரும் முடிச்சுட்டு ஐஸ் வாங்க கேட்டாண்ட ஓடிட்டீங்க. நான் கடைசி. டீச்சர் என் பின்னாடி நின்னு தோள்ல கை வெச்சிருந்தாங்க.

பேரு கேட்டாரு, சொன்னேன். கிளாஸ் கேட்டாரு, சொன்னேன். ஊரு கேட்டாரு, கவரைப்பேட்டைன்னேன். அப்பா பேரு கேட்டாரு, டீச்சரோட அக்கா ஊட்டுக்காரர் பேரைச் சொன்னேன். எல்லாம் கரெக்ட், டிக் போட்டுக்கினே வர்றாரு.

"அம்மா பேரு இன்னாம்மா?"

கீழ பார்க்கல. சிரிக்கல. கேட்ட உடனே சொன்னேன். எங்கம்மா பேரைச் சொன்னேன்.

வாய் தவறிப்போச்சுன்னு நெனைக்காதீங்கடி. தெரிஞ்சேதான் சொன்னேன். நான் ஒண்ணும் பெரிய தியாகி கெடையாது. அதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி வரைக்கும் கவரைப்பேட்டைப் பொண்ணாத்தான் நின்னேன். ஆனா அந்தக் கேள்வி வந்ததும் எனக்கு சார் மூஞ்சி தெரியல. பத்தாம் தரம் "சரி" சொல்ல முடியாம அரிசியைப் பார்த்துக்கினு இருந்துச்சே, அந்த மூஞ்சிதான் தெரிஞ்சுது. இன்னொரு தரம் சொல்ல எனக்கு வாய் வரல.

சார் ஃபாரத்தைப் பார்த்தாரு, என்னைப் பார்த்தாரு, டீச்சரைப் பார்த்தாரு. நல்ல மனுஷன். ஒண்ணும் தோண்டிக் கேக்கல. ஃபாரத்தை மடிச்சு டீச்சர் கையில குடுத்து, "வேற பொண்ண எழுதிடுங்க மேடம்"னு மட்டும் சொன்னாரு. டீச்சர் வெளிய வந்து, "ஏன் தல்லி?"ன்னு ஒரே ஒரு தரம் கேட்டாங்க. பஸ்ல உங்ககிட்ட இன்னா சொன்னாங்க? "அவ ஊட்டுல ஏதோ பிரச்சனை"ன்னாங்க இல்ல? நான் ஜன்னலோரம் உக்காந்து வாந்தி வர்ற மாதிரி நடிச்சுக்கினு வந்தேன்.

ஊட்டுல அம்மா கையைக்கூட கழுவல. நான் வர்ற வழியைப் பார்த்துக்கினு வாசல்லயே நிக்குது.

"கேட்டவனோ?"

"கேட்டாரு."

"என்ன சொன்னனி?"

"உங்கட பேரைச் சொன்னனான்."

"விசரி!"ன்னு கத்திச்சு. "பத்துத் தரம் சொல்லித் தந்தனானெல்லோ! இதைக்கூடச் சொல்லத் தெரியாதோ உனக்கு!" முதுகுல ஓங்கி ஒண்ணு வெச்சுது. ஒண்ணுதான். ரெண்டாவதுக்கு ஓங்கின கை அப்படியே நின்னுடுச்சு. என்னை இழுத்து மார்ல போட்டுக்கினு அழுதுச்சு. நடுக்கடல்ல படகுக்குள்ள தண்ணி ஏறினப்பகூட அழாத பொம்பளை, வாசல்ல நாலு பேரு பார்க்க நின்னு தேம்பித் தேம்பி அழுதுச்சு.

மறுநாள் என் வெள்ளைச் சட்டை முதுகுல செங்காவியில அஞ்சு விரலும் பதிஞ்சிருந்துச்சு. எத்தினி தரம் துவைச்சும் போகல. இருந்ததே ஒரு சட்டை. அதைத்தான் போட்டுக்கினு வந்தேன். அதைப் பார்த்துத்தானே நீங்க, "ஐயோ, அவங்கம்மா அடிச்சுட்டாங்கடி"ன்னு ஆரம்பிச்சீங்க? அந்த ஞாயித்துக்கிழமை பதினோரு பேரும் கேம்ப்புக்குப் படையெடுத்து வந்தீங்க. நான் சேலைத் தடுப்புக்குப் பின்னாடி இருந்தேன். கேப்டன், நீதான் முன்னாடி நின்னே. "ஆன்ட்டி, ப்ளீஸ் ஆன்ட்டி, அவ இல்லாம நாங்க தோத்துடுவோம். ஏன் ஆன்ட்டி உட மாட்டேன்றீங்க?"ன்னு கெஞ்சினே. எனக்கு வெளிய வந்து கத்தணும் போல இருந்துச்சு. அதுக்குள்ள அம்மா சொல்லிடுச்சு.

"ஓம் பிள்ளையள், நான்தான் மறிச்சனான். வயசுக்கு வந்த பிள்ளையை வெளியூருக்கு விடேலாது. நீங்க போயிட்டு வாங்கோ."

நீங்க முணுமுணுத்துக்கினே போனீங்க. எவளோ ஒருத்தி "ராட்சசி"ன்னு சொன்னது எனக்கே கேட்டுச்சு. அம்மாவுக்கும் கேட்டிருக்கும். யாருன்னு இப்ப கேக்க மாட்டேன், பயப்படாதீங்க.

அப்புறம் நீங்க மொத மேட்ச்லயே தோத்து வந்தீங்க. என்னைப் பார்த்து ஒருத்தியும் மூஞ்சைத் திருப்பல. எனக்கு ஐஸ் வாங்கிக் குடுத்தீங்க, நோட்ஸ் எழுதிக் குடுத்தீங்க, பாவம் பாவம்னு தூக்கி வெச்சுக்கினீங்க. எனக்குக் கம்பெனியில வேலை வாங்கிக் குடுத்தது உங்க அண்ணன்தான் கேப்டன். என் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில ரத்தம் குடுத்தது உங்கள்ல மூணு பேரு. கப்பலு எங்க முறை வர்றதுக்குள்ள நின்னுபோச்சு. அப்பாவைப் பத்தி ஆளுக்கொரு சேதி சொன்னாங்க, எதுவும் நல்ல சேதி இல்ல. நாங்க இங்கயே தங்கிட்டோம். இந்த ஊர்ல எனக்குன்னு இருந்தது நீங்கதான். எங்கம்மாவை வில்லியாக்கித்தான் நீங்க எனக்குக் கெடைச்சீங்கன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் இத்தினி வருஷம் வாயைத் தொறக்கல. அதுதான் என் மேல எனக்கு இருக்கிற கோவம்.

அம்மாவுக்கு எழுபது தாண்டிடுச்சு. முட்டி போயிடுச்சு, கண்ணும் பாதிதான். முந்தாநாள் உங்க மெசேஜைப் பார்த்துட்டு நான் மூஞ்சை உர்ருன்னு வெச்சுக்கினு இருந்ததைப் பார்த்து, "என்ன பிள்ளை?"ன்னு கேட்டுச்சு. படிச்சுக் காட்டினேன். "இன்னா பொம்பளைடா சாமி"ன்றதைக் கேட்டுட்டு கெக்கெக்கேன்னு சிரிக்குது!

"ஏம்மா அன்னிக்கு அப்படிச் சொன்னீங்க? நான்தானே கெடுத்தேன். டீச்சராவது உண்மையச் சொல்லியிருக்கலாமே?"

"டீச்சரிட்டயும் நான்தான் போய்ச் சொன்னனான், வாய் திறக்கவேண்டாம் எண்டு. அந்தப் பொய் ஃபாரம் வெளிய தெரிஞ்சா அந்த மனுசிக்கெல்லோ கரைச்சல்."

"சரி, என் பேரைக் காப்பாத்தணும்னு உங்களுக்கு இன்னா தலையெழுத்து? ஊரே உங்களை ராட்சசின்னுதே?"

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்துச்சு. இத்தினி வயசாகியும் இது புரியலையான்ற மாதிரி.

"நீ கெடுத்தனி எண்டு தெரிஞ்சா அந்தப் பிள்ளையள் உன்னோட கதைச்சிருக்குங்களோ? இஞ்ச சீவிக்கிறதுக்கு உனக்கு அவையள் வேணும் எண்டு எனக்கு அப்பவே விளங்கிட்டுது. எனக்கு ஆரும் தேவைப்படேல்லை. நீதான் என்ர பேரைச் சொல்லிப்போட்டு வந்திட்டியே."